ஊர் தெரியாத காசாளர்

சிறிய வங்கிக் கிளையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே வேலை தடுமாறும். பெட்டகத்தின் இரண்டு திறப்புகளும் ஒரே கையில் இருக்கக் கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். நானாட்டான் போன்ற ஊர்களில் அந்த வெற்றுக் கதிரையை நிரப்ப, எந்தக் கிளைக்கும் நிரந்தரமாக உரியவரல்லாத ஒருவரைப் பதில் கடமைக்கு அனுப்புவார்கள். இன்று நானாட்டான், நாளை முருங்கன், அடுத்த கிழமை மன்னார் நகரம் என்று பஸ்ஸில் அலைகிற அவரைச் சக ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் அரை ஆளாகவே எண்ணுகிறார்கள். எனக்கோ, ஒரு கிளை தன்னை அறியாமலே யாருக்குச் சலுகை காட்டுகிறது என்பது அவர் வந்து உட்காரும் நாளில்தான் தெரியவருகிறது என்று தோன்றுகிறது.

நானாட்டான் கட்டுக்கரைக் குளத்தை நம்பிய வயல் ஊர். காலபோகத்துக்கு விதைக்க நகை அடகுக்குப் போகும், நெல் விற்றதும் மீளும். யாருடைய காப்பு எந்த மாதம் மீளும் என்பது நிரந்தர ஊழியருக்கு மனப்பாடம். அது அருமையான அறிவுதான். ஆனால் தெரிந்தவருக்கு வரிசை குறுகுகிற அதே கவுண்டரில் தெரியாதவருக்கு “நாளைக்கு வாங்கோ” என்ற பதிலும் கிடைக்கிறது. 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்குகளுக்கு வரத் தொடங்கியபோது, வங்கிப் படி ஏறிப் பழகாத பெண்கள் பலரும் வாடிக்கையாளரானார்கள். அவர்களுக்கு உள்ளே அறிமுகம் இல்லை. பதில் கடமைக்கு வந்தவருக்கும் இல்லை. காணிக்காரரிடம் கேட்கிற அடையாள அட்டையைத்தான் கூலிக்குப் போகிறவரிடமும் அவர் கேட்பார்.

புதியவரின் கண் எவ்வளவு பெறுமதியானது என்பதை வங்கி உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. ஜப்பானின் டைவா வங்கியின் நியூயோர்க் கிளையில் தொஷிஹிதே இகுச்சி ஏறத்தாழ 110 கோடி டொலர் நட்டத்தைப் பத்தாண்டுக்கும் மேலாக மறைத்து வைத்திருந்தார். 1995இல் அது வெளிவந்ததுகூட அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டதால்தான். வணிகமும் அதன் கணக்கும் ஒரே ஆளிடம் இருந்தன. அவர் நீண்ட விடுமுறையும் எடுத்ததில்லை. (லீவே எடுக்காத ஊழியரைப் பாராட்டுகிற முகாமையாளர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.) முக்கியப் பொறுப்பில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து 10 வேலை நாட்களாவது கட்டாய விடுப்பில் இருக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருப்பதும் அவர்களுடைய மேசையில் வேறொருவர் உட்கார வேண்டும் என்பதற்காகவே.

ஆனால் புதியவரின் கண்ணுக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மன்னார் மாவட்டம் இது. 2007, 2008இல் போரினால் முசலியிலும் மாந்தையிலும் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு ஓடின. பத்திரம் தொலைத்தவர்கள் வாழும் இடத்தில், பத்திரத்தை மட்டும் நம்புகிறவர் கொடுமைக்காரர் ஆகிவிட மாட்டாரா? ஆகக்கூடும். ஆனால் பத்திரம் இல்லாத ஒருவரை அடையாளம் காணும் அறிவு ஒரே எழுதுவினைஞரின் தலைக்குள் இருப்பதும் ஆபத்துத்தான். இடமாற்றம் வந்தால் அவரோடு அதுவும் போய்விடும். இன்னாரிடம் இந்த ஆவணம் இல்லை, இன்ன சான்றை ஏற்றிருக்கிறோம் என்று கோப்பில் எழுதி வைத்தால், நாளை வருகிறவரும் மனிதாபிமானத்தோடு நடக்கலாம். புதியவர் தடுமாறினால், கிளை எதை எழுதாமல் விட்டது என்று தேடுவதே முறை.

பதில் கடமைக்கு வரும் அந்த ஊழியரின் நிலை என்ன என்ற கேள்விக்கு அவ்வளவு இலகுவான பதில் என்னிடம் இல்லை. மாலையில் காசு குறைந்தால் காசாளர் பொறுப்பேற்பது தொழில் வழக்கம். பழக்கமில்லாத இலாச்சியில் அந்தப் பொறுப்பு இரட்டிப்பாகக் கனக்கும். மூன்று முகாமையாளர்களுக்குக் கீழ் வேலை செய்தும், பதவி உயர்வு வரும்போது அவருக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்பார்கள். அனுபவம் பஸ் காசு கட்டாது. காலையில் காசை அவர் முன்னாலேயே எண்ணி ஒப்படைப்பது, பயணப்படியை மாதம் தவறாமல் கொடுப்பது, அவருடைய மதிப்பீட்டு அறிக்கைக்கு ஒரு முகாமையாளரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குவது: இந்த மூன்றையும் செய்யாத வங்கிக்கு அவரை அடுத்த கிளைக்கு அனுப்பும் உரிமை கிடையாது.