விலை என்னும் சாட்சி

மூடிய புட்டிக்குள் இருக்கும் ஒயினின் தரம் குடித்த பிறகே தெரியும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். அந்த அறியாமையில்தான் நாம் விலையையும் நிபுணரின் நாக்கையும் சாட்சிக்கு அழைக்கிறோம்.

1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக, பிரான்ஸின் போர்தோ வணிகத் தரகர்கள் அப்பகுதியின் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து படிகளாக அடுக்கினார்கள். புதிதாகச் சுவைத்துப் பார்த்தல்ல. பல்லாண்டுகளாக எது என்ன விலைக்குப் போனது என்ற கணக்கை வைத்து. அதுவரை தரத்துக்கு விலை சாட்சி சொன்னது. பிறகு அந்தப் படிவரிசையே விலையைத் தாங்கி நின்றது. உரிமையாளர்கள் மாறினார்கள், திராட்சைக்கொடிகள் பலமுறை மாற்றி நடப்பட்டன. பட்டியல் மட்டும் பெரும்பாலும் அசையவில்லை. மூட்டோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏற 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நிபுணரின் நாக்கும் நிலையானதல்ல. கலிஃபோர்னிய மாநிலக் கண்காட்சியில் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் அதைச் சோதித்தார். ஒரே புட்டியிலிருந்து மூன்று கிண்ணங்களில் ஊற்றி, மற்ற ஒயின்களுக்கிடையே கலந்து, நடுவர்கள் முன் வைத்தார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தந்தவர்கள் பத்தில் ஒருவரே. அவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மிடறிலும் அவர்கள் உண்மையாகவே உணர்ந்ததைத்தான் எழுதினார்கள்.

நம் நாக்கு மட்டும் வேறா? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடுதலென்று கேட்ட வேளையில் குடித்தவர்களுக்குச் சுவை கூடியது. மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாகவே கிளர்ந்தது. அப்படியானால், வெளியே நின்று தரத்தைச் சுட்டிக்காட்டுவதாக நாம் நம்பிய விலை, நம் அனுபவத்தின் உள்ளேயே புகுந்து அதன் ஒரு பகுதியாகிவிடுகிறது. பிறர் தீர்ப்பை நம்பி வாழும் எவரும், பொருளையும் அதைப் பற்றிய சொல்லையும் பிரித்தறியும் ஆற்றலைத் தாமறியாமலே மெல்ல இழக்கிறார்கள். அந்த இழப்பின் சுமையோ, பட்டியலில் இடமோ மதிப்பெண்ணோ இல்லாமல் நல்ல ஒயின் செய்யும் சிறு விவசாயியின் தலையில் விழுகிறது.

1976இல் பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பெயர்களை மறைத்து ஒயின்களைச் சுவைக்கச் செய்தார். பிரெஞ்சு நடுவர்களின் மதிப்பெண்களில் சிவப்பு ஒயின்களின் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்புக்குப் போனது, மூட்டோன் இரண்டாவது. பெயர் மறைந்த ஒரு பிற்பகலில் கிடைத்த அந்த வெற்றி, பிறகு ஸ்டாக்ஸ் லீப் இருக்கும் நாப்பா பள்ளத்தாக்குக்கே பெயராயிற்று. அந்தப் பெயரைப் பார்த்து உலகம் வாங்கத் தொடங்கியது.