எண்ணெயில் ஒட்டும் தூசி

ஆடி பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் காற்றின் ராஜ்ஜியம்தான். கம்பம் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, வைகை அணைக்குப் போகும் சாலையோரத்துச் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்தச் சாலையில் ஓடும் பழைய புல்லட் ஒன்றுக்கு ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரை வாங்கிப் போடலாம். எண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சையோ பருத்தி வலையையோ வைக்கலாம். எதுவுமே வேண்டாம், வண்டி தாராளமாக மூச்சு விடட்டும் என்று வெறும் கார்ப்பரேட்டரோடு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் நின்றவாக்கில் முடிவாகிவிடும் விஷயம் இது. ஆனால் இதற்குள் தமிழ்நாட்டுச் சமய வாதங்களில் நூற்றாண்டுக் கணக்கில் அலசப்பட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அழுக்கை நீக்க அழுக்கே துணையாக முடியுமா? முடியும் என்றது சைவ சித்தாந்தம். ஒட்டும் தன்மைதான் பந்தத்துக்குக் காரணம், அதை அறுப்பதே வழி என்றது சமணம். ஃபில்டர் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தால் இந்த வழக்கில் சைவத்தின் பக்கம்தான் நியாயம் கூடுதல். ஆனால் சமணம் விடுக்கும் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டால் அந்த நியாயமே ஆபத்தாக முடியும்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அங்கிருந்து வந்த 350 புல்லட்டின் எஞ்சின் 346 சி.சி. ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. ஒரு சிறிய அறையை நிரப்பும் காற்று அது. அதிலுள்ள தூசியில் கண்ணுக்குத் தெரியும் மணல் அத்தனை ஆபத்தானதல்ல. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் பத்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு அளவே உள்ள துகள்கள்தான் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் போருக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து, அரைக்கும் பசையாக மாறி இரும்பைத் தின்கின்றன. கம்ப்ரஷன் குறையும், நீலப் புகை வரும், கடைசியில் ரீபோர் செய்ய வேண்டிவரும். இந்தத் துகள்களை ஃபில்டர் எப்படிப் பிடிக்கிறது? மாவுச் சல்லடை போலத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்பாஞ்சின் துளைகள் அந்தத் துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை. காற்று நாருக்கு நார் வளைந்து நெளிந்து செல்கிறது. எடையுள்ள துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடிவதில்லை, நாரில் போய் மோதுகிறது. உலர்ந்த ஸ்பாஞ்சாக இருந்தால் பெரும்பாலும் தெறித்து மீண்டும் காற்றோடு உள்ளே போய்விடும். எண்ணெய் பூசியிருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். டிராக்டர்களிலும் பழைய லாரிகளிலும் இருக்கும் எண்ணெய்த் தொட்டி ஃபில்டரில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதில் காற்று எண்ணெயின் தலைக்கு மேல் சட்டென்று திரும்பும்போது தூசி எண்ணெய்க்குள் வீழ்கிறது. உடையில் பட்டால் கறை என்று நாம் பதறும் எண்ணெய்தான் அங்கே காவல் நிற்கிறது.

இப்போது சமணத்தின் கட்சியைக் கேட்போம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வைகை அணைக்குத் தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தின் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வட்டெழுத்துகள் இருக்கின்றன. அந்த உருவங்களை வடித்தவர்கள் நம்பிய தத்துவத்தில் வினை என்பது உருவகம் அல்ல. அது நுண்ணிய பொருள், உயிரின்மேல் வந்து படியும் ஒருவகைத் தூசி. சமண ஆசாரியர் குந்தகுந்தர் தம் சமயசாரம் என்ற நூலில் இதை ஒரு காட்சியாகவே காட்டுகிறார். ஒருவன் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு புழுதி நிறைந்த இடத்தில் ஆயுதப் பயிற்சி செய்கிறான், மரங்களை வெட்டுகிறான். உடம்பெங்கும் புழுதி அப்பிக்கொள்கிறது. எதனால்? புழுதி அங்கே இருந்ததாலா, அவன் ஆடி ஓடியதாலா? இரண்டும் இல்லை, எண்ணெயால்தான் என்கிறார். எண்ணெய் பூசாதவன் அதே இடத்தில் அதே பயிற்சியைச் செய்தாலும் புழுதி ஒட்டாது. ஆசையும் வெறுப்பும்தான் அந்த எண்ணெய். செயல் பந்தமல்ல, பசைதான் பந்தம். காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மையான காரணத்தைப் பிடிக்கும் இந்த முறை எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லும்.

சைவத்தின் விடை 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இருக்கிறது. அவர் முதலில் எதிராளியின் கேள்வியை மழுப்பாமல் முன்வைக்கிறார். உடம்பும் கருவிகளும் மாயையிலிருந்து வந்தவை, அவையும் மலமே, அதாவது அழுக்கே. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவ மலத்தை நீக்க இறைவன் இன்னொரு மலத்தைக் கொடுத்தான் என்றால் அது பொருந்துமா? விடையாக அவர் காட்டுவது துணி வெளுப்பதை. அழுக்குத் துணியில் சாணியும் உவர்மண்ணும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். பார்க்கிறவருக்குத் துணி முன்னைவிட மோசமாகத் தெரியும். அலசும்போது சாணியும் உவரும் பழைய அழுக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன. அதுபோல மாயையைக் கொண்டு இறைவன் மலத்தை ஒழிக்கிறான் என்கிறார். இந்த உவமை வெறும் சொல்லழகு என்று சிலர் நினைப்பதுண்டு. எண்ணெய் பூசிய ஸ்பாஞ்ச் அப்படியல்ல என்று காட்டுகிறது. பற்றும் குணம் ஓரிடத்தில் கேடாக இருப்பதாலேயே எல்லா இடத்திலும் கேடாக இருக்க வேண்டியதில்லை. குந்தகுந்தர் சொன்ன மனிதன்மேல் ஒட்டிய அதே தூசி, அதே எண்ணெய். வெளியே ஓரிடத்தில் அவற்றைச் சேரவிட்டால் உள்ளே இருப்பது காப்பாற்றப்படுகிறது. சித்தாந்தத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. முத்தியிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்பது அவர்கள் கொள்கை. ஃபில்டரும் தூசியை இல்லாமல் ஆக்குவதில்லை. தூசி அங்கேயேதான் இருக்கிறது, போரைத் தேய்க்கும் வல்லமைதான் போய்விடுகிறது.

சமணத்தின் சார்பில் ஒருவர் இங்கே எழுந்து, காகித ஃபில்டரில் எண்ணெயே இல்லையே, அது உலர்ந்த நிலையிலேயே தூசியைத் தடுக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கான விடை ஃபில்டர் சோதனைகளிலேயே இருக்கிறது. புத்தம்புதிய காகித ஃபில்டர் தன் வாழ்நாளில் மிகக் குறைவாக வடிகட்டுவது முதல் நாள்தான். மேலே மெல்லிய தூசிப் படலம் ஒன்று படிந்த பிறகு அடுத்து வரும் நுண்துகள்களை அந்தப் படலமே தடுக்கிறது. உலர் ஃபில்டரிலும் அழுக்குதான் அழுக்கைப் பிடிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை காகிதத்தைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்கிறவர் அந்தப் படலத்தைத்தான் கலைத்துவிடுகிறார். ஆனால் சமணருக்கு இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. எஞ்சினைக் கெடுப்பதும் எண்ணெயில் ஒட்டிய தூசிதானே? ரிங்குக்கும் போருக்கும் நடுவே அந்தச் சேர்க்கைதானே அரைக்கும் பசை? உண்மை. அங்கே குந்தகுந்தர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. காகித ஃபில்டரில் தெரியாமல் எண்ணெய் பூசினாலும் காகிதம் அடைத்துக்கொண்டு பாழாகிவிடும். ஆகவே எண்ணெய் நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட, அது எங்கே, எவ்வளவு என்ற கேள்விதான் பொருளுள்ளது. மானுடவியலாளர் மேரி டக்ளஸ் தூய்மையைப் பற்றி 1966-இல் எழுதிய நூலில், அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருள் என்ற கருத்தை விரித்துரைத்தார். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி. வருசநாட்டு மலைகளிலிருந்து வரும் மண் அணைக்குள் படிந்து 71 அடித் தேக்கத்தின் கொள்ளளவைத் தின்கிறது, தூர் வாருங்கள் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அதே மண் வயலில் விழுந்தால் வண்டல், வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

இந்த இரு சமயங்களின் வழக்கைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருப்பது வேறு விதமாக. இதே வைகையில், அணைக்குக் கீழே திருவேடகத்தில், சமணரோடு நடந்த வாதில் ஆற்றிலிட்ட சைவ அடியார் சம்பந்தரின் ஏடு நீரை எதிர்த்துச் சென்றதாகவும் சமணரின் ஏடு அடித்துச் செல்லப்பட்டதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அற்புதத்தால் ஒரு கட்சி வென்றது என்று முடித்துவிட்டால் இரு தரப்பும் சொன்ன காரணங்கள் காதில் விழாமலே போகும். காரணங்களை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பதே அந்த இரண்டு மரபுகளுக்கும் நாம் செய்யும் மரியாதை. இயந்திரத்தை வைத்து உயிரைப் பற்றி முடிவு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எண்ணெய் பூசிக்கொள்வதும் துணி வெளுப்பதும் அன்றாடம் கண்ணெதிரே நடந்தவை என்பதால்தான் குந்தகுந்தரும் அருள்நந்தியும் அவற்றை எடுத்தார்கள். உவமை எதையும் நிரூபித்துவிடாது. முடியாது என்று ஒருவர் சொன்னதை, முடியும் என்று காட்ட அது போதும். மலத்தால் மலத்தைக் கழுவுவது முரண் என்பதுதான் எதிராளியின் வாதம். அது முரணல்ல என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

இதையெல்லாம்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கொள்கையைக் கையில் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. உள்ளே தூய்மை நிலைக்க வெளியே ஏதோ ஒன்று அழுக்கை ஏற்க வேண்டும் என்று சொன்னவுடன், அந்த ‘ஏதோ ஒன்று’ மனிதனாகிவிட்ட வரலாறு நம்முடையது. ஒரு சாதி தூய்மையாக இருக்க இன்னொரு சாதி சாக்கடையில் இறங்கியது. துணி வெளுத்தவர்களைக் கீழே வைத்தார்கள். ஒடுக்கப்பட்டோருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரை அதற்கும் கீழே, கண்ணில் படவே கூடாதவர்கள் என்று வைத்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தும் சாக்கடைக் குழிக்குள் மூச்சு முட்டிச் சாவது நிற்கவில்லை. சித்தியாரின் உவமையை இதற்குச் சாக்காக்க முடியாது என்பதற்கு அதற்குள்ளேயே காரணம் இருக்கிறது. அங்கே அழுக்கை ஏற்கும் சாணியும் உவரும் மாயைக்கு ஒப்பு. மாயை அறிவில்லாத சடம். ஒவ்வோர் உயிரின் அழுக்கையும் வாங்குவது அந்த உயிருக்கென்று தந்த உடம்புதான், பக்கத்து உயிர் அல்ல. துணியை வெளுக்கும் இடத்தில் நிற்பவர் யார்? இறைவன். ஊர் கடைசியில் நிறுத்திவைத்த தொழிலின் இடத்தில் அருள்நந்தி கடவுளையே நிறுத்திவிட்டார். அதைப் படித்துவிட்டும் வெளுப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய சைவர்கள் தங்கள் சாத்திரத்துக்கே துரோகம் செய்தார்கள். ஃபில்டராக இருக்கப் பஞ்சும் காகிதமும் போதும். எந்த மனிதனும் இன்னொரு மனிதனுக்கு ஃபில்டர் ஆகக் கூடாது.

பழைய வண்டிக்காரர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று மீதி இருக்கிறது. வண்டியோடு வந்த அசல் ஃபில்டரை மாற்ற மனமில்லாமல் கறுத்துப்போன பிறகும் அதையே மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. டேங்க்கின் தங்கக் கோட்டையும் சீட்டின் ஸ்பிரிங்கையும் அப்படிக் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஃபில்டர் விஷயத்தில் இல்லை. சாணியும் உவரும் துணியிலேயே தங்கிவிட்டால் வெளுத்தது ஆகாது, அழுக்கோடு அவையும் போக வேண்டும். நிறைந்துபோன ஃபில்டர் தூசியை நன்றாகவே பிடிக்கும், காற்றைத்தான் விடாது. கலவையில் பெட்ரோல் கூடி பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், மைலேஜ் இறங்கும். ஃபில்டரே வேண்டாம் என்று கழற்றுபவருக்கு நேர்மாறான சிக்கல். கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் காற்று கூடி எஞ்சின் கொதிக்கும். ஜெட்டை மாற்றினாலும் தூசிக்குத் தடையில்லை, போர் தேயும். வைகை அணைப் பக்கம் ஆடிக் காற்றில் ஓடும் வண்டிக்கு எண்ணெய் ஸ்பாஞ்ச்தான் என் தேர்வு, அதுவும் மாதந்தவறாமல் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, திரும்ப எண்ணெய் பூசிப் பிழிந்து மாட்டும் பொறுமை இருப்பவருக்கு. பிழிந்த பிறகு ஸ்பாஞ்சிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது, விழுந்தால் அந்த எண்ணெய் கார்ப்பரேட்டருக்குள் போய்ச் சேரும். அந்தப் பொறுமை இல்லாதவர் காகித ஃபில்டரைப் போட்டுக்கொண்டு, காலம் முடிந்ததும் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடலாம்.