குந்திக்கு ஒரு கூரை

வேதாந்தம் பயில விரும்பும் மாணவனுக்கு நான்கு தகுதிகள் வேண்டும் என்று சாஸ்திரங்கள் விதிக்கின்றன. விவேகம், வைராக்கியம், மன அடக்கம் முதலிய ஆறு பண்புகள், முக்தியில் தீவிர நாட்டம் ஆகியவையே அவை. ஆனால் பசித்தவன் உண்பதற்கு என்ன தகுதி வேண்டும்? பசி ஒன்றே தகுதி. மழையில் நனைபவன் திண்ணையில் ஒதுங்குவதற்கு நனைதலே தகுதி. ஞானத்தை வழங்கும்போது தகுதியை ஆராய்ந்த சாஸ்திரம், அன்னத்தை வழங்கும்போது அதை ஆராயச் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு பெரிதும் மறக்கப்படும் இடம் ஒன்று உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் கருவுற்றுக் குடும்பத்தால் கைவிடப்பட்டு நிற்கும் சிறுமியைக் காணும்போது, ‘இவளுக்கு இடம் கொடுத்தால் தவறுக்குத் துணைபோவதாகாதா?’ என்ற கேள்வி நல்லவர்களின் உள்ளத்திலும் எழுகிறது. கேள்வி ஒழுக்கத்தின் மீதுள்ள அக்கறையால் எழுவது. ஆகவே அதை ஒதுக்கிவிடாமல் ஆராய்வதே முறை.

அரண்மனையில் இல்லாத இடம்

மகாபாரதம் இந்தக் கேள்வியை நமக்கு முன்னரே சந்தித்திருக்கிறது. துர்வாசர் அருளிய மந்திரத்தை அறியாப் பருவத்தின் ஆவலால் சோதித்துப் பார்த்தாள் குந்தி. குழந்தை பிறந்தது. குந்திபோஜனின் அரண்மனையில் அறைகளுக்குக் குறைவில்லை, செவிலியருக்கும் குறைவில்லை. ஆயினும் சுற்றத்தாரின் பழிச்சொல்லுக்கு அஞ்சிய அவளுக்கும் அவளது குழந்தைக்கும் அங்கே இடமில்லை. குழந்தை பேழையில் வைக்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டது.

இதனால் ஒழுக்கம் காப்பாற்றப்பட்டதா? ஓர் இரகசியம் மட்டுமே காப்பாற்றப்பட்டது. அந்த இரகசியம் வளர்ந்து, உடன்பிறந்தாரைப் போர்க்களத்தில் எதிரெதிரே நிறுத்தியது. போர் முடிந்து, இறந்தோருக்கு நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் தாயின் வாய் திறந்தது. ஒரு கூரை மறுக்கப்பட்டதன் விலையை ஒரு குலமே கொடுத்தது.

எது தவறு, யாருடையது?

‘தவறு’ என்னும் சொல்லையும் ஆராய வேண்டும். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 6.8 விழுக்காட்டினர் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். இவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள். பெரியோர் முடித்துவைத்த குழந்தைத் திருமணங்களும் இவற்றுள் அடங்கும். 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் 23.3 விழுக்காட்டினர் என்று அதே ஆய்வு காட்டுகிறது. மற்றவர்களுள் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் உண்டு. ஆசை வார்த்தைகளை நம்பியவர்களும் உண்டு. விளைவைச் சுமப்பவள் சிறுமி. காரணத்தில் பெரும்பங்கு பிறருடையது.

‘அவளது கர்மா’ என்று கூறி விலகுவோரும் உள்ளனர். கர்மக் கொள்கை ஒருவன் தன்னையே சோதித்துக்கொள்வதற்காகத் தரப்பட்ட கண்ணாடி. பிறர்மீது எறிவதற்கான கல் அன்று. அவளது துன்பம் அவளுடைய கர்மா என்றால், அத்துன்பத்தைக் காணும் நிலையில் நிற்பது காண்பவனின் கர்மா. அங்கு அவன் என்ன செய்கிறான் என்பதே அவனைப் பற்றிய தீர்ப்பு.

மற்றொரு கதவு

பொறுப்புணர்வைப் பற்றிப் பேசுவோர் ஓர் அடிப்படையை நினைவில் கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள் இருக்கும்போதுதான் தேர்வு என்பதற்குப் பொருள் உண்டு. ஒரே கதவு உள்ள அறையிலிருந்து வெளியேறியவனை, ‘ஏன் அவ்வழியே சென்றாய்?’ என்று கேட்பது நியாயமாகாது.

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே கண்டது. 14 வயதில் வீட்டை விட்டுச் சென்று தாயான சிறுமியைக் குடும்பம் கைவிட்டது. குழந்தைகள் நலக் குழுவின் முன் அவளை உரிய காலத்தில் கொண்டுசென்று புகலிடம் அளித்திருக்க வேண்டும்; அது நடக்கவில்லை. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவனையே அண்டி வாழ்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று என்பதை நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சுட்டிக்காட்டியது. 2025 மே மாதம் அளித்த இறுதித் தீர்ப்பில், அந்தக் குடும்பம் மேலும் சிதையாதிருக்கத் தண்டனையை விதிக்காமல் விட்டது. சமூகம், சட்ட அமைப்பு, பெற்றோர் ஆகிய மூவராலும் அவள் கைவிடப்பட்டதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. மற்றொரு கதவு தொடக்கத்திலேயே திறந்திருந்தால் இந்த வழக்கின் போக்கே மாறியிருக்கும்.

ஹைதராபாத் காட்டும் பாடம்

ஹைதராபாத் நகரில் 2016ஆம் ஆண்டு காவல்துறை ‘பரோசா’ மையத்தைத் தொடங்கியது. மருத்துவம், மனநல ஆலோசனை, வாக்குமூலம், சட்ட உதவி ஆகியவற்றுக்காகப் பாதிக்கப்பட்ட சிறுமி ஒவ்வொரு வாசலாக ஏறி, தன் கதையை மீண்டும் மீண்டும் கூறவேண்டிய நிலையை மாற்றி, அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் கொணர்ந்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இம்மையத்தை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டு, மாவட்டந்தோறும் இத்தகைய மையம் அமைய வேண்டும் என்று கூறியது.

முதல் சில நாட்களுக்கு இது பேருதவி. பிரசவம் வரையிலான மாதங்களுக்கும், அதன் பின்னுள்ள ஆண்டுகளுக்கும் என்ன வழி? அதே நகரின் யூசுப்குடாவில் கைவிடப்பட்ட சிசுக்களைப் பேணும் அரசின் சிசு விஹார் உள்ளது. ஆதரவற்ற பெண்களுக்கு வேறு இல்லங்களும் உள்ளன. குழந்தைக்கு ஒரு வீடு, தாய்க்கு ஒரு வீடு. இருவரும் சேர்ந்து வாழ ஒரு வீடு எங்கே என்பதே நாடு முழுவதற்குமான கேள்வி.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைக்க முன்வரும் பெற்றோருக்கு மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த இரண்டு மாதங்களைக் கழிக்க ஒரு திண்ணைகூட இல்லாதவளுக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்? குழந்தையைத் தத்து கொடுப்பதும் சில வேளைகளில் நல்வழியே. ஆனால் அது சிந்தித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்; தெருவில் நிற்கும் அச்சத்தின் முடிவாக இருக்கலாகாது.

2023ஆம் ஆண்டில் மத்திய அரசு, கருவுற்ற நிலையில் குடும்ப ஆதரவை இழந்த, பாதிக்கப்பட்ட சிறுமியருக்கு உறைவிடம், உணவு, சட்ட உதவி அளிக்க நிர்பயா நிதியிலிருந்து 74.10 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. சட்டத்தின் பார்வையில் 18 வயது நிரம்பாத தாயும் ஒரு குழந்தையே. ஒரு குழந்தையின் மடியில் மற்றொரு குழந்தை. இருவரையும் ஏற்கும் இல்லமே முழுமையான இல்லம்.

உறைவிடம் தொடக்கம் மட்டுமே, அடுத்தது கல்வி. எட்டு வயதில் மணமுடிக்கப்பட்டு, வளர்ந்தபின் அத்திருமணத்திலிருந்து விலகிய துர்காபாய் தேஷ்முக், 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவினார். ஹைதராபாதிலும் வேரூன்றிய அச்சபை, படிப்பை இழந்த பெண்களுக்கு அதை மீண்டும் அளித்தது. இளமையில் அறுபட்ட நூலை எங்கிருந்தும் மீண்டும் தொடரலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

சிறையும் அறமும்

கூரை கிடைத்தால் மட்டும் போதாது. அதன் கீழ் வீசும் காற்றும் தூயதாக இருக்க வேண்டும். ‘உன்னைப் போன்றவளுக்கு இதுவே அதிகம்’ என்னும் சொல் ஒலிக்கும் இல்லம், பூட்டில்லாத சிறை. மணிமேகலை அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். சுவர்கள் அவையே, உள்ளே நுழைபவரைப் பார்க்கும் பார்வை மாறியது. கடைசியில் கொடுப்பவரின் உள்ளமே சிறையாகவும் அறமாகவும் அமைகிறது.

சாந்தோக்ய உபநிஷதத்தில் வரும் ஜபாலை அரசகுமாரி அல்லள். இளமையில் பல இடங்களில் பணி செய்து வாழ்ந்தவள். தன் மகனின் தந்தை எக்குலத்தைச் சேர்ந்தவர் என்று அவள் அறியாள். அதை மகனிடம் மறைக்கவும் இல்லை. அவன் அந்த உண்மையைக் குருவிடம் அப்படியே கூறினான். கௌதமர் அவனை மாணவனாக ஏற்றார். அரண்மனை இருந்த குந்தி மகனை இழந்தாள்; உழைத்து வாழ இடம் கிடைத்த ஜபாலை மகனைப் பெற்றதோடு ஒரு ரிஷியையும் உலகுக்குத் தந்தாள். இருவரின் கதைகளையும் வேறுபடுத்தியது, சுற்றியிருந்தோர் திறந்த கதவும் மூடிய கதவுமே.

கதவைத் திறப்பவர் தவறை வளர்ப்பதில்லை. ஒரு தாய் உண்மையோடு வாழ இடம் தருகிறார்.