நெஞ்சை வாய்பூட்டும் மந்திரம்

பண்டை எகிப்தியர் இறந்தாரொடு வைத்தடக்கிய மந்திரங்கள் பல. அவற்றுள் தொன்மையானவை கி. மு. 2350 அளவில் சக்காராவில் உனாசு மன்னனது பிரமிடின் உட்சுவர்களில் வெட்டப்பட்டனவாம். முதற்கண் மன்னர்க்கும் தேவியர்க்கும் உரியவாயிருந்த இம்மரபு, பின்னர்ப் பிறருடைய பிணப்பேழைகளிலும், அதன்பின் பாப்பிரசுச் சுருள்களிலும் பரந்தது. அச்சுருள்களை 'இறந்தோர் நூல்' என்பது 1842-இல் லெப்சியசு என்னும் செருமானிய அறிஞர் பதிப்பித்தபோது இட்ட பெயர். எகிப்தியரோ பகலிற் புறப்படுதற்குரியவை என்றே அவற்றைக் குறித்தனர்.

ஒசிரிசு என்னுந் தேவன் தம்பி சேத்தினாற் கொலையுண்டு, மனைவி ஐசிசின் முயற்சியால் மீண்டெழுந்து, இறந்தாருலகிற்கு வேந்தனாயினான் என்பது அவர்தம் பழங்கதை. ஆதலின் இறந்தான் ஒவ்வொருவனையும் ஒசிரிசு என்றே மந்திரங்கள் விளிக்கின்றன. இலண்டன் பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலையிலுள்ள, கி. மு. 1250 அளவினதாகிய சுருளுக்குரிய ஆனி என்பானும் ஆங்கு 'ஒசிரிசு ஆனி'யே.

தேவன் பெயர் பெற்ற அவனுக்கும் தீர்ப்புண்டு. நாற்பத்திரு தேவர்முன் நின்று, இன்னின்ன தீமை செய்திலேன் என ஒவ்வொன்றாய் மறுத்தல் வேண்டும். அவன் நெஞ்சு துலையின் ஒரு தட்டில். மாஅத் என்னும் அறத்தெய்வத்தின் இறகு மற்றொன்றில். அனுபிசு துலைநாவை நோக்க, தோத் எழுதுகின்றான். முதலைத்தலையும், அரிமாவின் முன்னுடலும், நீர்யானையின் பின்னுடலும் உடைய அம்மித் அருகே காத்திருக்கின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. முப்பதாம் மந்திரத்தில் இறந்தான் தன் நெஞ்சினையே விளித்துத் தனக்கெதிராகச் சான்று கூறாதிருக்குமாறு இரக்கின்றான். அதனை வண்டுருவக் கல்லிற் பொறித்து மார்பின்மேல் வைத்தனர். பெயருக்கு இடம்விட்டு முன்னரே எழுதிவைத்த சுருள்களும் உள. சிலவற்றில் அவ்விடம் இன்றும் வெறிதே கிடக்கின்றது. அற்றேல், அறங்கூறவையை விலையால் வென்றனர் எனின், யாம் அதனை முற்றும் மறுக்கிலேம். ஆயினும் வெற்று ஏமாற்றென்று தள்ளுதலும் பொருந்தாது, என்னை? நாற்பத்திரு தேவர்க்கும் துணிந்து விடைகூறுவோன், தன் நெஞ்சின்முன் மட்டும் கெஞ்சுகின்றான். தேவர்க்குச் சொல் போதும். செய்தது அறிந்த நெஞ்சிற்கு அது போதாதென்பதை அவன் உணர்ந்தே இருந்தான்.

இன்னுமொன்று. உடலைப் பதஞ்செய்வோர் மூளையை வெளியேற்றி எறிந்தனர். நெஞ்சையோ உடலினுள்ளேயே விட்டனர். அஞ்சத்தக்க சான்றினை அகற்றிவிட வழியிருந்தும் அகற்றிலர். நெஞ்சின்றி மறுவாழ்வில்லை என்பது அவர் கொள்கை. தன்னைக் காட்டிக்கொடுப்பதனையே தானாகக் கொண்டு செல்லவேண்டிய அவ்விடுக்கண், மந்திரத்தாற் சிறிதும் தீர்ந்திலது.

ஆனியின் சுருளில் துலைக்கோல் சமனாகவே நிற்கின்றது. வேறாக வரைவித்தார் எவரையும் யாம் கேட்டிலேம். வரைவோனுக்குக் கூலி கொடுப்பவர் உரியவரேயன்றோ!