வீடு விழுவது விதியல்ல

"பூமி ஆடினால் மனுஷன் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிக்கிறீர்களா? நிமிர்ந்து உட்காருங்கள் நண்பர்களே, முடியும்!

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன் நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதமடைந்தன. அன்று விடுமுறை என்பதால்தான் பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் காத்மாண்டு பள்ளத்தாக்கில் வலுப்படுத்தப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் விழாமல் நின்றன. தெய்வச் செயலா? இல்லை, கொத்தனார்களின் கைச்செயல்! நிலநடுக்கத் தொழில்நுட்பத்துக்காக 1993-இல் அங்கே தொடங்கிய ஓர் அமைப்பு, ஊர்க் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்து, பழைய பள்ளிச் சுவர்களைக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு முன்கூட்டியே இறுக்கியிருந்தது.

மக்களை நம்பவைக்க அவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஆடும் மேடையில் இரண்டு சின்ன மாதிரி வீடுகள். ஒன்று வழக்கம்போல் கட்டியது. மற்றதில் லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும், இடுப்பில் கச்சை கட்டியதுபோல், சுற்றிலும் பட்டை ஓடும். மேடையை ஆட்டினால் முதல் வீட்டின் மூலை பிளந்து சுவர் வெளியே சாயும். அடுத்தது நிற்கும். பார்த்தவர் எவரும் அதற்குப் பிறகு தலையெழுத்தைப் பற்றிப் பேச முடியாது.

இமயம் ஓயவில்லை. இந்திய நிலத்தட்டு வடக்கே முட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. நெருக்கம் சேர்கிறது. 1905-இல் காங்ரா, 1934-இல் பீகாரும் நேபாளமும், 1950-இல் அசாம் என்று அது வெடித்திருக்கிறது. மேற்கு நேபாளத்தில் 1505-க்குப் பிறகு அவ்வளவு பெரிய நடுக்கமே வரவில்லை. அந்த மலைக்குக் கீழே கங்கைச் சமவெளியில் கோடிக்கணக்கான மக்கள்! கார் நிறுத்த இடம் வேண்டுமென்று தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்மேல் அடுக்குமாடிகளை ஏற்றுகிறோமே, நெஞ்சு பதற வேண்டாமா?

பயம் போதும், ரோஷம் வரட்டும். 2010-இல் ஹைட்டியில் 7.0 அளவு நடுக்கம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த மாதமே சிலியில் 8.8. பல நூறு மடங்கு ஆற்றல், ஆனால் இறந்தவர்கள் சுமார் 500 பேர். 1960-இல் 9.5 அளவு நடுக்கத்தில் அடிபட்ட சிலி, கட்டட விதியைக் கடுமையாக்கி, அதை நடைமுறைப்படுத்தியும் காட்டியது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

டேராடூனோ, பாட்னாவோ, டில்லியோ, உங்கள் வீட்டுக்குத் தூண் எழும்பும் நாளில் நீங்களே போய் நில்லுங்கள். கம்பியைச் சுற்றிய ரிங்கின் முனைகள் 135 டிகிரிக்கு உள்பக்கம் மடங்கியிருக்கின்றனவா பாருங்கள். 90 டிகிரியில் விட்டால் ஆட்டத்தில் ரிங் வாயைப் பிளந்துவிடும், தூண் நொறுங்கிவிடும். "எப்போதும் இப்படித்தான் சார் மடக்குவோம்" என்பார்கள். விடாதீர்கள். கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு ரிங்கைத் திருத்த முடியாது. ஊற்றும் முன்பே பிரித்து, மறுபடி மடக்கச் சொல்லுங்கள்!