எமக்காகவும் நின்ற ரயில்களா?

பிரான்சில் ஓய்வூதியப் பிரச்சினை கிளம்பி ரயிலும் மெற்றோவும் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எமது குசினிகளில் ஒரே பேச்சுத்தான். "இவங்களுக்குக் கொழுப்பு. அஞ்சு கிழமை லீவு, முப்பத்தைஞ்சு மணித்தியால வேலை, அதுக்கும் மேலை றோட்டிலை நிக்கிறாங்கள்." நடுச்சாமத்தில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் புறநகருக்கு நடக்க வேண்டியிருப்பவன் இப்படிச் சொல்வதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. கால்வலி பொய்யல்ல. ஆனால் கால்வலியில் பிறந்த கருத்தெல்லாம் சரியாக இருக்கவேண்டுமென்றும் இல்லை.

1982இல் மித்தரோன் ஆட்சி ஓய்வு வயதை 60 ஆக்கியது. அதன் பின்னான கதை பெரும்பாலும் பின்னுக்கு இழுபட்ட கதை. 1993இல் தனியார் துறையினர் முழு ஓய்வூதியத்துக்குக் கட்டவேண்டிய காலம் முப்பத்தேழரை வருடத்திலிருந்து 40 ஆனது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. 1995இல் ஜூப்பே அதையே அரச ஊழியருக்கும் கொண்டுவந்து, ரயில்காரரின் தனித் திட்டத்திலும் கைவைக்கப் போனபோது, ரயில்கள் மூன்று கிழமை நின்றன, அவர் பின்வாங்கினார். 2010இல் வயது 62. 2023இல் தேசிய சபையில் வாக்கெடுப்புக்கு விடாமலே 64. பாரிஸ் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது அப்போதுதான். அந்தச் சட்டமும் 2025 கடைசியில், 2027 ஜனாதிபதித் தேர்தல் முடியும்வரை இடைநிறுத்தப்பட்டது.

1995இல் ஒரு புதுச் சொல் புழக்கத்துக்கு வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தாம் நிற்க முடியாத தனியார் துறைத் தொழிலாளர், நிற்க முடிந்த ரயில்காரரை ஆதரித்தார்கள். அதைப் பதிலாள் மூலமான வேலைநிறுத்தம் என்றார்கள். எமது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. நிற்கும் நாட்களின் சம்பளத்தை இழந்து ஒருவன் இன்னொருவனுக்காகவும் நிற்கிறான் என்றால், அந்த இன்னொருவன் அவனுக்கு எதையாவது கடன்பட்டிருக்கிறானா? நிற்கச் சொல்லி அவன் கேட்கவே இல்லையே?

முதலில், அந்த இன்னொருவன் நாமா என்று பார்க்கவேண்டும். 26 வயதில் வந்து இறங்கி, ஒஃப்ரா, மேன்முறையீடு என்று வருடங்கள் கழிந்து, 30இல் முதல் சம்பளத்துண்டைக் கண்டவனுக்கு 43 வருடக் கணக்கு 73 வயதில்தான் நிறையும். அவனுக்குப் பொருந்தும் வயது 67. அந்த வயதில் தண்டக் கழிவு இல்லை. ஆனால் கட்டிய வருடங்களுக்கேற்ற பங்குதான் கிடைக்கும். பத்து மணித்தியாலம் நின்றவனின் துண்டில் நாலு மணித்தியாலம் எழுதப்படுவதும், இன்னொருவரின் கார்ட்டில் வேலை செய்து அவருடைய பெயரில் காசு சேர்வதும் தெரிந்த சங்கதிகள். ஆக, 62, 64 என்று அவர்கள் பிடித்த சண்டை எமது வயதைப் பற்றியதே அல்ல என்று தோன்றும்.

ஆனால் எம்மவர் கவனிக்காத ஒன்றுண்டு. அந்த 67 முன்பு 65ஆக இருந்தது. 60ஐ 62 ஆக்கிய அதே 2010ஆம் ஆண்டுச் சட்டம்தான் 65ஐயும் 67 ஆக்கியது. அவர்களுடைய இரண்டு வருடம் பறிபோனபோது எமது இரண்டு வருடமும் கூடவே போனது. அவர்கள் தெருவில் நின்று கத்தினார்கள். நாம் மெற்றோ ஓடவில்லையென்று திட்டினோம்.

இங்குள்ள முறை சேமிப்பு அல்ல. இன்று எமது சம்பளத்தில் வெட்டப்படுவது இன்றே யாரோ ஒரு கிழவிக்குப் போகிறது. நாளை எமக்குத் தரவேண்டியவர்கள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1945இல், யுத்தத்தில் நொந்துபோன நாடு ஒன்று, முகம் தெரியாதவர்களுக்கிடையே செய்துவைத்த சத்தியம் இது. மாதாமாதம் ஊரில் அம்மாவுக்கு நாம் அனுப்புவதும் இதே கணக்குத்தான். ஆனால் அது இரத்தத்தோடு நின்றுவிடுகிறது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். பென்சன் என்பது தனி ஒருவனின் அதிர்ஷ்டம். மாப்பிள்ளையின் விலையைக் கூட்டும் சமாச்சாரம். கடலுக்குப் போகிறவனுக்கும் முதுமை வருமே என்று கேட்ட வீடுகள் குறைவு. வேலைநிறுத்தம் என்றால் எமது பெரியவர்களுக்கு 1980 ஜூலைதான் ஞாபகம்; ஜே.ஆர். அரசாங்கம் சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பிய மாதம். அந்தப் பயம் எம்மோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

ஆயுள் கூடிவிட்டது, கூட உழைக்கத்தானே வேண்டும் என்ற வாதமும் உண்டு. யாருடைய ஆயுள்? பிரெஞ்சுப் புள்ளிவிபர நிறுவனம் 2012-2016 காலத்துக்குக் கணித்தபடி, மிக வசதியான 5 வீத ஆண்கள் மிக வறிய 5 வீத ஆண்களைவிட 13 வருடம் கூட வாழ்கிறார்கள். எல்லோருக்கும் ஒரேயளவாக இரண்டு வருடத்தைக் கூட்டும்போது, மேசையில் இருப்பவனிடமும் அடுப்படியில் நிற்பவனிடமும் ஒரே சாமானைப் பறிப்பதாக ஆகாது.

ஒரு விஷயத்துக்கு எம்மிடம் முழுப் பதில் இல்லை. ரயில் நிற்கும்போது முதலில் அடிபடுவது விடிய ஐந்து மணிக்கு அலுவலகம் கூட்டப் போகும் பெண்தான், அமைச்சர் அல்ல. அவளிடம் போய் இது உனக்காகவும்தான் என்று சொல்ல எமக்கு வாய் வராது. ஆனால் நிற்க முடியாதவர் என்றொரு சாதி பிறப்பிலேயே இருப்பதாகவும் நாம் நம்பவில்லை. 2008 ஏப்ரல் 15 முதல், பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் விசா இல்லாத சமையற்காரரும் பாத்திரம் கழுவுவோரும் தாம் வேலைசெய்த றெஸ்ரோறன்ட்களிலேயே உட்கார்ந்தார்கள். பலர் மாலி நாட்டவர். தொழிற்சங்கம் பக்கத்தில் நின்றது. பலருக்கு விசாவும் கிடைத்தது. இழப்பதற்கு அவர்களிடம் எம்மைவிடக் கூட எதுவும் இருக்கவில்லை, குறைவாகவும் இருக்கவில்லை.

கடன் உண்டு என்றே நாம் நினைக்கிறோம். வேலைநிறுத்த நிதிப் பெட்டியில் ஐந்து யூறோ போடுவது அதில் சின்னப் பங்கு. எமது கணக்கை நாமே கேட்கத் தொடங்குவது மற்றது. ஓய்வூதியக் கணக்குப் பட்டியலை எம்மில் பலர் திறந்தே பார்ப்பதில்லை. வருடத்துக்கு நாலு கட்டம். 2014 முதல், 150 மணித்தியால அடிப்படைச் சம்பளத்துக்கு ஒரு கட்டம் நிறையும். எந்த வருடத்தில் கட்டம் குறைகிறது, எந்த முதலாளியின் பெயரே வரவில்லை என்று துண்டுகளோடு ஒப்பிட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திருத்தக் கேட்பதென்றால் பழைய துண்டுகள் கையில் இருக்கவேண்டும். வீடு மாறும்போது அவற்றை எறிந்துவிட வேண்டாம்.