புனிதமும் பயன்பாடும்

புனிதப் பொருளொன்று அன்றாடத் தொழிலுக்குப் பயன்படின் அதன் புனிதம் கெடுமா? இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தத்தின் பின்னரும் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரின்போதும் தேவாலயங்களினின்று அகற்றப்பட்ட இடைக்கால ஞானஸ்நானத் தொட்டிகளுட் சில, பண்ணைகளிற் கால்நடைகளுக்கு நீர்காட்டும் தொட்டிகளாயின. உடைக்கப்பட்டவை மறைந்தன, மாடுகளுக்கு உதவியவற்றுட் சில பிற்காலத்தில் ஆலயந் திரும்பின.

ஈழத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. தேனாவரை நாயனார், புத்தர், அல்லா ஆகியோருக்கு அளிக்கப்பட்ட காணிக்கைகளைத் தமிழ், பாரசீகம், சீனம் ஆகிய மும்மொழிகளிற் கூறும் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகவே கண்டெடுக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் திருக்கோணேச்சரத்தை இடித்த போர்த்துக்கேயரோ அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். முன்னது மறதி, பின்னது ஆணவம்.

களுவாஞ்சிக்குடி உழவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். வாவி கடந்து படுவான்கரை வயல்களில் மாடு பிணைத்துச் சூடுமிதித்த நாளில், களத்துக்கெனத் தனிச்சொற்கள் வழங்கின. நெல் அங்கே ‘பொலி’ எனப்பட்டது. உழைக்கும் இடத்தையே வணங்கிய மரபில், மாட்டின் தாகந் தீர்க்கும் தொட்டி இழிந்ததாகாது.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. எறியப்பட்டதை எடுத்து மாட்டுக்கு நீர் வார்ப்பது ஒன்று. பிறர் வழிபாட்டை அழித்துக் கல்லைக் கவர்வது வேறொன்று. பொருள் எவ்வாறு கைக்கு வந்தது, உரியவர் கேட்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்க மனம் உண்டா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூற வல்லவனே அதனைப் பயன்படுத்தத் தக்கவன்.